‘அவள் எப்படிப்பட்டவள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால்… அக்கா டிப்ஸ்

தங்கச்சி, முதலில் கேள்வியைச் சரியாகக் காதில் வாங்கிக்கொள். வெளிநாட்டு மேனேஜரோ, அமெரிக்காவில் பெண் எடுத்த அண்ணனின் மாமியாரோ உன் தோழியைப் பற்றி ‘ஹவ் இஸ் ஷீ?’ என்று கேட்டால், அவள் சௌக்கியமா என்று விசாரிக்கிறார்கள். ‘வாட் டஸ் ஷீ லுக் லைக்?’ என்றால் உயரம், முடி, கண்ணாடி போடுவாளா என்று தோற்றத்தைச் சொல்ல வேண்டும். ‘வாட் இஸ் ஷீ லைக்?’ என்றால்தான் குணத்தைக் கேட்கிறார்கள். இந்த மூன்றாவது கேள்விக்கு ‘ஷீ லைக்ஸ் மியூசிக்’ என்று பதில் சொல்கிற பிள்ளைகள் நிறைய. கேள்வியில் வரும் ‘லைக்’குக்கும் பிடித்தம், விருப்பத்துக்கும் சம்பந்தமே இல்லை. ‘ஷீ இஸ் கொயட், பட் வெரி கைண்ட்’ என்று குணத்தைச் சொன்னால் போதும்.

அடுத்து சொற்கள். நாம் பேசும் தமிழுக்குள் எத்தனையோ ஆங்கிலச் சொற்கள் குடியேறி, இங்கேயே வேறு பொருளுக்குப் பழகிவிட்டன. நமக்குள் பேசும்போது அதில் ஒரு குறையும் இல்லை. ‘நல்லா ஜோவியலாப் பழகுவாரு’ என்றால் திருச்சியிலும் தூத்துக்குடியிலும் ஒரே மாதிரிதான் புரியும். ஆனால் கனடாவில் இருப்பவருக்கு மெயில் எழுதும்போது அந்தச் சொல் என்ன பொருளில் போய்ச் சேரும் என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

‘ஹோம்லி’யை எடுத்துக்கொள். மணமகள் விளம்பரத்தில் அது குடும்பப் பாங்கான பெண். பிரிட்டனில் ஒரு வீட்டையோ சாப்பாட்டு விடுதியையோ ஹோம்லி என்றால் மனதுக்கு இதமானது என்று பாராட்டு. அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் பார்க்கச் சுமாராக இருப்பாள் என்று பொருள். நியூ ஜெர்சி மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் ப்ரொஃபைலில் அந்தச் சொல் இருந்தால், அங்கே பிறந்து வளர்ந்த பையன் அதை எப்படிப் படிப்பான் என்று நினைத்துப் பார். குடும்பத்தோடு ஒட்டுதலாக இருப்பவள் என்று சொல்ல ‘ஃபேமிலி ஓரியன்டட்’ இருக்கிறது. அதைவிட, ‘ஞாயிற்றுக்கிழமை பாட்டியோடு சேர்ந்து சமைப்பாள்’ என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

‘சிம்பிள்’ என்றால் நமக்கு எளிமையானவர், பந்தா இல்லாதவர். ஆங்கிலத்தில் ஒரு மனிதரை அப்படிச் சொன்னால் புத்தி மட்டு என்ற பொருளும் ஒட்டிக்கொள்ளும். நீ சொல்ல நினைப்பது ‘டவுன் டு எர்த்’ அல்லது ‘அன்அஸ்யூமிங்’. ‘இன்னசன்ட்’ என்று சொன்னால் குற்றம் செய்யாதவர் என்ற எண்ணம் முதலில் எழும். சூதுவாது தெரியாத பெண் என்று சொல்ல நினைத்து ‘நைவ்’ போட்டுவிடாதே, அது விவரம் பத்தாது என்கிற குறை. ‘ஸ்வீட் நேச்சர்டு’ பொருந்தும். ‘போல்டான பொண்ணு’ என்று நாம் மெச்சுகிறோம். அயர்லாந்தில் ஒரு குழந்தையை போல்டு என்றால் அடங்காத வால் என்று அர்த்தம். தைரியமாகப் பேசுகிறவள் என்றால் ‘கான்ஃபிடன்ட்’ அல்லது ‘ஷீ ஸ்பீக்ஸ் அப்’ என்று சொல். ‘ஸ்மார்ட்’ என்றால் அமெரிக்கர் மூளையைப் புரிந்துகொள்வார், பிரிட்டிஷ்காரர் நேர்த்தியான உடையையும் புரிந்துகொள்வார். ஆள் பார்க்க நன்றாக இருக்கிறான் என்பதற்கு ‘குட் லுக்கிங்’ என்று நேராகவே சொல்லிவிடலாம். ‘ஜோவியல்’ தப்பில்லை, ஆனால் சிரித்த முகமாக இருக்கும் பெரியவருக்குத்தான் அது எடுப்பாக இருக்கும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ‘சியர்ஃபுல்’ போதும்.

‘கேரக்டர்’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் ஊரில் ‘கேரக்டர் சரியில்லை’ என்றால் ஒழுக்கத்தைக் குறை சொல்கிறார்கள், பெரும்பாலும் ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்கத்தான் அது பயன்படுகிறது. அந்த அழுத்தத்தோடேயே ‘ஷீ இஸ் ஹேவிங் குட் கேரக்டர்’ என்று எழுதுகிறோம். படிக்கிற வெளிநாட்டவருக்கு, இதை ஏன் தனியாகச் சான்று கொடுத்துச் சொல்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். ‘ஷீ இஸ் எ ரியல் கேரக்டர்’ என்றால் அது வேறு விஷயம்: சுவாரசியமான, கொஞ்சம் தனி ரகமான ஆள். இந்தக் ‘குட் கேரக்டர்’ வரியை உன் எழுத்திலிருந்து எடுத்தே விடு. நேர்மையானவள் என்றால் ‘ஆனஸ்ட்’. சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறவள் என்றால் அதையே சொல்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஃபேர்’, ‘வீட்டிஷ்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. கோதுமை நிறம் என்ற அந்த ‘வீட்டிஷ்’ அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பலருக்கு விளங்காது. 2020-ல் இந்துஸ்தான் யூனிலீவர் தன் முகப்பூச்சின் பெயரிலிருந்தே ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றியது. கடைச் சரக்கின் பெயரே மாறியபின் நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிய குறிப்பில் அது எதற்கு?

ஒரே ஒரு சொல் என்ன செய்யும் என்று 1946-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவரைப் பற்றி ஏழு சொற்களை மாணவர்களிடம் வாசித்தார்: புத்திசாலி, திறமைசாலி, உழைப்பாளி, உறுதியானவர் என்று போகும் பட்டியல். ஒரு குழுவுக்கு நடுவில் ‘வார்ம்’, மற்றொரு குழுவுக்கு அதே இடத்தில் ‘கோல்டு’. மற்ற ஆறும் அதேதான். ‘வார்ம்’ கேட்டவர்கள் அந்த மனிதரைத் தாராள மனசுக்காரர், நகைச்சுவை உள்ளவர் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டார்கள். ‘கோல்டு’ கேட்டவர்களுக்கு அவர் கஞ்சனாகவும் சிடுமூஞ்சியாகவும் தெரிந்தார். அதே இடத்தில் ‘பொலைட்’, ‘ப்ளன்ட்’ என்று மாற்றிப் பார்த்தபோது இவ்வளவு வித்தியாசம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: உன் தோழியிடம் அந்த இதமான குணம் உண்மையிலேயே இருந்தால், ‘வார்ம்’ என்ற சொல்லை விட்டுவிடாதே. அதை முதல் வரியிலேயே வை.

சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. 1936-ல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இருவர் ஆங்கில அகராதி ஒன்றை முழுக்கச் சலித்து, மனிதரின் குணத்தையும் நடத்தையையும் சொல்லும் சொற்களாக ஏறக்குறைய 18,000 எடுத்தார்கள். அத்தனை இருந்தும் நம் பிள்ளைகள் எழுதும் பரிந்துரையில் ‘சின்சியர், ஹார்ட்வொர்க்கிங், டைனமிக்’ என்ற மூன்றுதான் திரும்பத் திரும்ப வருகின்றன. இதில் ‘சின்சியர்’ என்பது நமக்குக் கடமை தவறாதவர், ஆங்கிலேயருக்கு உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர். வேலையில் பொறுப்பானவர் என்றால் ‘கான்ஷியன்ஷியஸ்’ அல்லது ‘ரிலையபிள்’.

ஆனால் சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. உன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் பையைத் தூக்கிய நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் போனில் கத்துகிறார். அவள் குரலை உயர்த்தவில்லை. அவர் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டாள், திரும்ப ஒருமுறை அவருக்கே படித்துக் காட்டினாள், திங்கட்கிழமை பத்து மணிக்குத் தானே கூப்பிட்டுப் பதில் சொன்னாள். இதைப் பார்த்த உனக்கு ‘டைனமிக்’ என்ற சொல்லா தோன்றும்? ‘பேஷன்ட்’ தோன்றும், ‘காம் அண்டர் ப்ரெஷர்’ தோன்றும். அந்தச் சொல்லை எழுது, பக்கத்திலேயே அந்த வெள்ளிக்கிழமையை இரண்டு வரியில் எழுது. படிப்பவர் நம்புவார். குணத்துக்கு இரண்டு சொல், அவற்றுக்குச் சாட்சியாக ஒரு சம்பவம், இந்த அளவு ஒரு பத்திக்கு நிறைவாக இருக்கும். ‘வெரி வெரி’ என்று அடுக்கவே வேண்டியிராது.

பெண்களைப் பற்றி எழுதும்போது இன்னும் ஒன்றைக் கவனி. 2003-ல் டிரிக்ஸ், சென்கா என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்கு வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்தார்கள். பெண்களுக்கான கடிதங்கள் பொதுவாகச் சுருக்கமாக இருந்தன. கடினமாக உழைப்பவர் என்ற ரகச் சொற்கள் அவற்றில் கூடுதலாக வந்தன. எழுதியவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்க மாட்டார்கள், பழக்கம் அப்படி. நீ எழுதும்போது அவள் உழைப்போடு அவள் அறிவையும் சொல். ‘இன்சைட்ஃபுல்’, ‘ஒரிஜினல்’ போன்ற சொற்கள் ஆண்களுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தவை இல்லை.

ஈர்ப்பைச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் நுட்பமானது. ‘அட்ராக்டிவ்’ என்றால் பெரும்பாலும் உடல் தோற்றம், அலுவலகக் கடிதத்தில் அதற்கு இடமே இல்லை. ‘க்யூட்’ குழந்தைக்கும் நாய்க்குட்டிக்கும் சரி, கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சொன்னால் அவளைச் சிறுபிள்ளையாக்குகிறோம். ‘சார்மிங்’ நல்ல சொல்தான், ஆனால் சில இடங்களில் பேச்சிலேயே மயக்கிக் காரியம் சாதிப்பவர் என்ற நிழலும் விழும். ‘கரிஸ்மாட்டிக்’ என்பது எம்.ஜி.ஆர். போல் ஒரு கூட்டத்தையே தன் பக்கம் இழுக்கிறவருக்கு. உன் டீம் லீடர் பழக நல்லவர், நாலு பேருக்குப் பிடித்தவர் என்றால் ‘லைக்கபிள்’ அல்லது ‘அப்ரோச்சபிள்’. பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்றால் ‘எங்கேஜிங்’. கூட இருந்தால் பொழுது போவதே தெரியாது என்றால் ‘ஷீ இஸ் ஃபன்’. ‘ஃபன்னி’ என்றால் சிரிக்க வைப்பவள், இடத்தைப் பொறுத்து ஒரு மாதிரியான ஆள் என்றும் ஆகிவிடும். எனக்கு மிகப் பிடித்தது ‘தாட்ஃபுல்’. யோசித்துப் பேசுகிறவர் என்பதோடு, அடுத்தவருக்கு என்ன தேவை என்று கேட்காமலே நினைத்துப் பார்க்கிறவர் என்பதும் அதில் அடங்கும். யாருக்கும் அதை இலேசில் கொடுக்காதே, பொருத்தமானவருக்குக் கொடு.

குறையையும் சில நேரம் சொல்லத்தான் வேண்டும். ‘ஹீ இஸ் ரூட்’ என்றால் அவன் பிறவிக் குணமே அதுதான் என்று முடிவு கட்டியதாகிறது. இன்றைக்கு மட்டும் அப்படி நடந்துகொண்டான் என்றால் ‘ஹீ இஸ் பீயிங் ரூட்’. அவ்வப்போது வெடுக்கென்று பேசுவான் என்றால் ‘ஹீ கேன் பி எ பிட் ப்ளன்ட்’. அந்தக் ‘கேன் பி’, ‘எ பிட்’ இரண்டும் பொய் சொல்லாமலேயே கடுமையைக் குறைக்கும்.

சந்தேகம் வந்தால் சாதாரண அகராதியைத் தேடாதே, கற்பவர்களுக்கென்றே தயாரான ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியையோ கேம்பிரிட்ஜ் அகராதியையோ பார். இரண்டும் இணையத்தில் இலவசம். மனிதரைப் பற்றிய பல சொற்களுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவிங்’ அல்லது ‘டிஸ்அப்ரூவிங்’ என்று சிறு குறிப்பு இருக்கும். முன்னது மெச்சுவது, பின்னது குறை சொல்வது. ‘சைல்ட்லைக்’ என்றால் குழந்தை மனசு, ‘சைல்டிஷ்’ என்றால் சின்னப்பிள்ளைத்தனம். ‘டிடர்மின்டு’ என்றால் நினைத்ததை முடிப்பவர், ‘ஸ்டபர்ன்’ என்றால் பிடிவாதக்காரர். குறிப்பைப் பார்த்தபின் கீழே கொடுத்திருக்கும் உதாரண வாக்கியங்களையும் படி. அந்த வாக்கியத்தில் உன் தோழியின் பெயரை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பார். அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் அதைக் கூசாமல் சொல்ல முடியும் என்றால், கடிதத்தில் போடு.