தேதி தப்பா? "தெரியாது" என்று சொல்லட்டும் புரோகிராம்!



இன்டர்நெட்டில் டொமைன் பெயர் வாங்கினால் அது நமக்கே சொந்தம் என்று நினைக்கிறோம். கிடையாது, வாடகை வீடு மாதிரிதான். காலாவதி தேதிக்குள் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். 1999 டிசம்பரில் பாஸ்போர்ட்.காம் என்ற பெயரைப் புதுப்பிக்க மைக்ரோசாப்ட் கம்பெனியே மறந்துவிட்டது. பலருக்கு ஹாட்மெயில் திறக்கவில்லை. வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டிய பிறகுதான் சரியானது!

இப்படி நடக்காமலிருக்க, காலாவதி தேதியைப் பார்த்து முன்கூட்டியே எச்சரிக்கும் புரோகிராம் எழுதுகிறார்கள். அந்தத் தேதி 'ஹூஇஸ்' பதிவில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். 2004-ல் வந்த ஹூஇஸ் விதிமுறை (ஆர்.எஃப்.சி. 3912), தேதியை எப்படி எழுதுவது என்று சொல்லவே இல்லை. ஒரு பதிவேட்டில் 2027-02-14, இன்னொன்றில் 14-பிப்-2027. பிரிட்டனின் .யூகே பதிவேட்டில் சில பழைய பெயர்களுக்குப் பதிவு நாளே கிடையாது. '1996 ஆகஸ்டுக்கு முன்' என்றுதான் இருக்கும். சில பதிவுகளில் 0000-00-00 என்றுகூட வரும்.

தப்பான தேதியைக் கண்டதும் புரோகிராம் நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை, நமக்குத் தெரிந்துவிடும். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால்தான் ஆபத்து. சி மொழியின் 'எம்கேடைம்' ஃபங்ஷனுக்கு 2027 பிப்ரவரி 30 கொடுத்துப் பாருங்கள். பிழை என்று சொல்லாது. மார்ச் 2 ஆக்கிவிடும். பிழை வந்தால் 0 போடு என்று எழுதினால், யூனிக்ஸ் கணக்கில் அது 1970 ஜனவரி 1. எல்லாப் பெயரும் காலாவதி என்று அலறும்!

என்ன செய்யலாம்?

1. பதிவேடு வாரியாகத் தேதி வடிவத்தைக் குறித்து வையுங்கள். 03/04/2027 ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்று ஊகிக்க வேண்டாம்.

2. மாற்றிய தேதியிலிருந்து நாள், மாதம், ஆண்டைத் திரும்ப எடுத்து, மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் தள்ளுங்கள்.

3. தள்ளிய இடத்தில் 0 வேண்டாம், இன்றைய தேதியும் வேண்டாம். 'தெரியாது' என்று குறியுங்கள். வந்த எழுத்தை அப்படியே சேமியுங்கள்.

4. ஒரு தேதி தப்பு என்பதற்காக முழுப் பதிவையும் தூக்கிப் போடாதீர்கள். மற்ற விவரங்கள் பயன்படும்.

5. காலாவதி தேதி 'தெரியாது' என்றால், "ஆள் பார்க்கவும்" என்று எச்சரிக்கை வரட்டும்.

.காம் போன்ற பொதுப் பெயர்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் ஹூஇஸ் கட்டாயமில்லை. அதன் இடத்துக்கு வந்துள்ள 'ஆர்டாப்' முறையில் தேதி வடிவம் ஒன்றே. ஆனால் வடிவம் சரியாக இருந்தாலும் உள்ளே பிப்ரவரி 30 இருக்கலாமே! சோதனையை விட்டுவிட முடியாது.

அடுத்த லேப் வகுப்பில் ஐந்து நல்ல தேதி, ஐந்து தப்பான தேதி கொடுத்து உங்கள் புரோகிராமைச் சோதித்துப் பாருங்கள். தப்பான ஐந்தும் 'தெரியாது' என்று வந்தால் நீங்கள் பாஸ்!