குலசையில் ஒரு நாள்: நடக்க, குடிக்க, கொறிக்க

திருச்செந்தூரிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் குலசேகரன்பட்டினம். ஊர்க்காரர்களுக்குக் குலசை. வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள்.

பங்குனி முதல் ஆனி வரை போனால் முதல் வேலை பதநீர். காலையிலேயே குடித்துவிட வேண்டும். நேரம் ஏற ஏறப் புளித்துவிடும். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் விடாதீர்கள். டம்ளரில் அந்த ருசி வராது. மார்கழி, தையில் என்றால் அவித்த பனங்கிழங்கு. நடுநரம்பை உரித்து எறிந்துவிட்டுத் தின்னுங்கள்.

முத்தாரம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்கலாம். ஒரு காலத்தில் கப்பல் வந்துபோன துறைமுகம் இது. 1942 போராட்டத்தில் இங்கே உப்பளத்தில் வெள்ளை அதிகாரி லோன் கொல்லப்பட்ட வழக்கு நாடறிந்தது. இப்போது பக்கத்திலேயே ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

கருப்பட்டி வாங்க உடன்குடிக்குப் போங்கள், கிட்டத்தான். உடைத்துப் பாருங்கள்: உள்ளே சீனிபோல மின்னினால் கலப்படச் சந்தேகம். வாயில் போட்டால் லேசாகக் கரிக்க வேண்டும், வெறும் தித்திப்பு மட்டும் போதாது. சுக்கு, ஏலம் சேர்த்த சில்லுக்கருப்பட்டி பயணத்துக்கு நல்லது. ஈரம் படாமல் ஓலைக் கொட்டானிலேயே வையுங்கள்.

சாயங்காலம் மணப்பாடு. மணல்மேட்டுச் சிலுவைக் கோயிலிலிருந்து பார்த்தால் கடல் வளைந்து கிடக்கும்.

தசரா நாட்களில் மட்டும் இந்தத் திட்டம் செல்லாது. வேடம் கட்டிய பக்தர் கூட்டத்தில் நடக்கவே இடமிருக்காது. அது வேறு பயணம்.