விடுதி நடத்துகிறீர்களா? அளவைச் சொல்லுங்கள்

"மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றது" என்று விளம்பரத்தில் ஒரு வரி போட்டால் போதும் என்று பல விடுதிக்காரர்கள் நினைக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர் அந்த வரியை நம்பிப் பயணம் கிளம்ப முடியாது. வாசல் கதவு, குளியலறைக் கதவு இரண்டையும் டேப் வைத்து அளந்து, அகலத்தை சென்டிமீட்டரில் எழுதுங்கள். 90 செ.மீ. இருந்தால் தாராளம். சாய்தளம் ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் ஆபத்து.

குறைகளை மறைக்காதீர்கள். "வாசலில் 2 படி, லிப்ட் இல்லை, தரைத்தளத்தில் ஓர் அறை உண்டு" என்று எழுதினால் வருபவர் அதற்கேற்பத் திட்டமிடுவார். கழிவறைப் படம் கட்டாயம் வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட், சுவர்க் கைப்பிடி, நாற்காலி திரும்பும் இடம் மூன்றும் அதில் தெரியட்டும். பூங்கொத்து வைத்த கட்டில் படம் எத்தனை போட்டாலும் இதற்கு ஈடாகாது.

கூகுள் மேப்ஸில் உங்கள் விடுதியின் பக்கத்தில் சக்கர நாற்காலி வசதிகளைக் குறிக்க இடம் உண்டு, இலவசம்தான். காது கேளாதவர்களுக்கு வாட்ஸ்அப் எண் கொடுங்கள். பார்வையற்றவர்களின் போன் வாசித்துக் காட்ட, படங்களுக்கு எழுத்தில் விளக்கம் சேருங்கள்.

அக்கம்பக்கத்தையும் சொல்லலாம். சென்னை விடுதி என்றால், மெரினாவில் சக்கர நாற்காலியிலேயே கடலருகே போக 2022-இல் மரப்பாதை அமைத்ததைக் குறிப்பிடுங்கள்.

போன் எடுக்கும் ஊழியருக்கும் இந்த விவரம் தெரிய வேண்டும். ரிசப்ஷன் மேசையில் இன்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.