இணைய ஏலமும் வாங்குவோர் காப்பும்

தோற்றுவாய்

கொள்வாரும் கொடுப்பாரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டு, பண்டத்தைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்து, விலை பேசி முடித்தலே தொன்றுதொட்டு வந்த வாணிப முறையாகும். சந்தையில் மாடு வாங்குவோன் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றான், சுழியை நோக்குகின்றான், சிறிது தூரம் நடத்தியும் பார்க்கின்றான். ஏலத்திற் பொருள் எடுப்போனும் ஏலம் தொடங்குமுன் அப்பொருளைச் சுற்றிவந்து பார்வையிடுகின்றான். இணைய ஏலத்திலோ இவற்றுள் ஒன்றும் இயலாது. பண்டம் ஓரூரில் இருக்கின்றது; வாங்குவோன் பிறிதோரூரில் இருக்கின்றான்; அவன் கண்முன் உள்ளவை ஒரு நிழற்படமும் சில வரிகளுமே. விலையை முன்னர்க் கொடுத்துவிட்டுப் பொருளைப் பின்னர் எதிர்நோக்கும் இந்நிலையில், வஞ்சகர்க்கு வாயில் அகலத் திறந்திருத்தல் வியப்பன்று. அவ்வாயிலை அடைத்தற்கு மக்கள் கண்ட முறைகள் யாவை, அவை எவ்வளவிற் பயன்படுவன, விற்போன்மீது ஐயம் பிறந்தவிடத்து வாங்குவோன் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டு நாம் சுருங்க ஆராய்வோம்.

வஞ்சத்தால் விளையும் பொதுக்கேடு

வஞ்சிக்கப்பட்டவன் ஒருவனுக்கே இழப்பு என்று கருதுதல் பொருந்தாது. 1970-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகர்லாப் என்பார், பழைய மோட்டார் வண்டிகளின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஓர் உண்மையை விளக்கினார். வண்டியின் குறை விற்போனுக்குத் தெரியும், வாங்குவோனுக்குத் தெரியாது. ஆதலின் வாங்குவோன் எவ்வண்டிக்கும் நடுத்தர விலைக்கு மேற் கொடுக்கத் துணியான். அவ்விலைக்குத் தம் நல்ல வண்டியை விற்க மனம்வராதார் சந்தையைவிட்டு விலகுவர். அவர் விலக விலகப் பழுதுற்ற வண்டிகளே அங்கு மிகும். விலையும் மேன்மேலும் தாழும். இவ்வாராய்ச்சி முதலியவற்றிற்காக அகர்லாப் 2001-ஆம் ஆண்டில் வேறிருவரோடு நோபல் பரிசு பெற்றார். அவர் கூறியது இணைய ஏலத்திற்கும் பொருந்தும். ஒரு வஞ்சகன் பத்துப் பேரை ஏமாற்றுவானாயின், அப்பத்துப் பேரோடு, நேர்மையாக விற்கும் நூற்றுவரும் தம் பொருளுக்குரிய விலையை இழக்கின்றனர். ஆகவே வாங்குவோரைக் காத்தல் நல்ல விற்போரையும் காத்தலாகும்.

நற்பெயர்ப் பதிவேடு

ஈபே என்னும் ஏலத்தளம் 1995-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், கலிபோர்னியாவிலுள்ள சான் ஓசே நகரிற் பியர் ஒமிட்யார் என்னும் கணினி வல்லுநரால் தொடங்கப்பெற்றது. அதில் முதன்முதல் விலைபோன பொருள் பழுதுற்ற லேசர் சுட்டுக்கருவி ஒன்று. அதனை 14.83 டாலருக்கு எடுத்தவர் அதன் பழுதை அறிந்தே எடுத்தார். குறையுள்ள பொருளை விற்றல் குற்றமன்று. குறையை மறைத்து விற்றலே குற்றம் என்பதற்கு இத்தொடக்கமே சான்றாகும்.

எனினும் எல்லாரும் அவ்வாறு நேர்மையாக நடப்பரென்று எதிர்பார்த்தல் இயலாது. ஆதலின் 1996-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அத்தளம் மதிப்புரை முறையை ஏற்படுத்திற்று. ஒவ்வொரு விற்பனையும் முடிந்தபின், கொண்டார் கொடுத்தாரைப் பற்றியும் கொடுத்தார் கொண்டாரைப் பற்றியும் தத்தம் கருத்தைப் பலரும் காணுமாறு எழுதிவைப்பதே அம்முறையாகும். இதன் பயனை அளந்தறிய அமெரிக்க அறிஞர் சிலர் செய்த சோதனையொன்று 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரே தரமான பழைய அஞ்சலட்டைகளை, நெடுநாட் பழகிய ஒரு விற்போரின் பெயராலும், அவரே புதிதாகத் தொடங்கிய வேறு பெயர்களாலும் அவர்கள் விற்பித்தனர். பழகிய பெயருக்கு மக்கள் ஏறக்குறைய 100-க்கு 8 பங்கு மிகுதியாக விலை கொடுத்தனர். நற்பெயரும் விலையுள்ள பண்டமே என்பது இதனாற் பெறப்படும்.

விலையுள்ள பண்டத்தைக் களவாடுவோரும் போலியாகச் செய்வோரும் தோன்றுதல் இயல்பன்றோ? சிலர் மிகக் குறைந்த விலையுள்ள மின்னேடுகளை விற்றும் வாங்கியும் புகழுரைகளைத் திரட்டினர். இதனைத் தடுத்தற்பொருட்டு 2008-ஆம் ஆண்டில் அத்தகைய பொருள்களை ஏலத்தினின்று ஈபே விலக்கியது. மற்றொரு குறை அச்சத்தால் விளைந்தது. தம்மைக் குறைகூறியவரைத் தாமும் குறைகூறிப் பழிதீர்ப்பார் விற்போர் என்று அஞ்சி, வாங்கினோர் பலர் வாய்மூடியிருந்தனர். தொடக்க ஆண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்றில், வாங்கினோருட் பாதியளவினரே மதிப்புரை எழுதினரென்றும், எழுதியவற்றுள் 100-க்கு 99 புகழுரையென்றும் காணப்பட்டது. ஆதலின் 2008-ஆம் ஆண்டு மே மாதம் முதல், வாங்குவோர்மீது விற்போர் இகழ்ச்சியுரை எழுதுதல் நிறுத்தப்பட்டது.

வஞ்சனையின் வகைகள்

இணைய ஏலத்தின் வஞ்சனைகளை ஆறு வகையாக நாம் பகுத்துக் கொள்ளலாம்.

முதலாவது, பணம் பெற்றுப் பொருள் அனுப்பாமை. இது வெளிப்படையானது.

இரண்டாவது, சொல்லால் மயக்குதல். விளையாட்டுக் கருவியின் படத்தைப் பெரிதாக இட்டு, அதன் வெறும் பெட்டியே விற்கப்படுகின்றது என்பதை எங்கோ ஒரு மூலையில் எழுதிவைத்தல் இவ்வகையைச் சாரும்.

மூன்றாவது, விற்போனோ அவன் தோழரோ வேற்றுப் பெயரில் ஏலம் கேட்டு விலையை ஏற்றிவிடுதல். இதனை விளங்கிக்கொள்ள அவ்வேலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வாங்குவோன் தான் கொடுக்கக்கூடிய உச்ச விலையை முன்னரே குறித்துவிடலாம். தளம் அதனை மறைவாக வைத்திருந்து, பிறர் கேட்குந்தோறும் அவன் சார்பிற் சிறிது சிறிதாக உயர்த்தும். முடிவில் அவன் கொடுப்பது தன் உச்ச விலையன்று. தனக்கு அடுத்தவன் கேட்ட விலைக்குச் சற்று மேற்பட்ட தொகையேயாம். ஒருவன் 100 டாலரை உச்சமாகக் குறிக்க, அடுத்தவன் 40 டாலரோடு நிற்பானாயின், 41 டாலருக்குப் பொருள் முடியும். இடையே போலிக் கேட்பாளன் ஒருவன் 95 டாலர் கேட்டுவிடின், அவ்வுண்மை வாங்குவோன் வீணே ஐம்பது டாலருக்கு மேல் இழக்கின்றான். பொருள் வந்து சேரும். அதிற் குறையும் இராது. ஆதலின் தான் வஞ்சிக்கப்பட்டதையே அவன் அறியான்.

நான்காவது, நல்லார் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றி அவர் பெயரால் விற்றல். ஐந்தாவது, ஏலத்தில் தோற்றவருக்குத் தனியே மின்னஞ்சல் விடுத்து, 'முதல்வர் விலகிவிட்டார். பொருளை உமக்கே தருகின்றோம்' என்று கூறித் தளத்திற்கு வெளியே பணம் வாங்குதல். ஆறாவது, போலியாக ஒப்படைப்புச் சான்று காட்டுதல். வாங்கியவர் வாழும் ஊரிலேயே வேறொரு முகவரிக்கு வெற்றுறையொன்றை அனுப்பி, 'பொதி ஒப்படைக்கப்பட்டது' என்னும் குறிப்பைச் சான்றாகக் காட்டுவோரும் உளர்.

இவை அரிதாக நிகழ்ந்தனவல்ல. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்க இணையக் குற்ற முறையீட்டு நடுவம் காவல் துறைகளுக்கு அனுப்பிய முறையீடுகளுள் 100-க்கு 70-க்கு மேற்பட்டவை ஏல வஞ்சனை பற்றியனவாகவே இருந்தன.

ஓர் ஓவியத்தின் வரலாறு

இவ்வஞ்சனைகளுட் சில ஒருங்கு கூடிய நிகழ்ச்சியொன்று 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகெங்கும் பேசப்பட்டது. கலிபோர்னியாவைச் சார்ந்த வழக்கறிஞர் ஒருவர், ஓவியம் ஒன்றை 25 காசு தொடக்க விலையில் ஈபேயில் ஏலத்திற்கு விட்டார். அது தம்மிடம் பல்லாண்டு கிடந்ததென்றும், வீட்டில் மாட்டுதற்கு மனைவி இசையவில்லையென்றும், குழந்தையின் விளையாட்டு வண்டி பட்டு அதிற் சிறு துளை நேர்ந்ததென்றும் கள்ளங்கபடமற்ற குடும்பத்தான் போல எழுதினார். ஓவியரின் பெயரை அவர் கூறவில்லை. ஆயினும் படத்தின் மூலையில் ரிச்சர்ட் டீபன்கோர்ன் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பெயர் முதலெழுத்துகளும் 52 என்னும் எண்ணும் காணப்பட்டன. கண்டோர், 'அறியாமையால் அரிய பொருளை இவர் விற்கின்றார்' என்றெண்ணி ஒருவரையொருவர் முந்தினர். விலை 1,35,805 டாலர் வரை ஏறிற்று.

விற்றவரே வேறொரு பெயரால் ஏலம் கேட்டிருந்தமை வெளிப்படவே, தளத்தார் அவ்விற்பனையைத் தள்ளிவிட்டனர். மனைவியும் மகவும் பற்றிய கதை கட்டுக்கதை என்பதும் தெரியவந்தது. தொடர்ந்து நடந்த விசாரணையில், மூவர் கூடி 40-க்கு மேற்பட்ட பெயர்களைப் புனைந்து, நூற்றுக்கணக்கான ஏலங்களில் ஒருவர்க்கொருவர் விலையேற்றியதும், தமக்குள்ளேயே புகழுரை எழுதிக்கொண்டதும் புலனாயின. 2001-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர்கள்மீது குற்றம் சாட்டப்பட்டது. இருவர் அவ்வாண்டிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் நுனித்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. 'இது டீபன்கோர்ன் தீட்டியது' என்று விற்றவர் ஓரிடத்தும் கூறவில்லை. அம்முடிவுக்கு வந்தவர்கள் வாங்க முன்வந்தவர்களே. அறியாதவனிடமிருந்து அரிய பொருளை மலிவாகக் கொள்ளலாம் என்னும் அவாவே அவர்தம் கண்ணை மறைத்தது. அவ்வவாவை நன்கறிந்து வலை விரிப்பவனே தேர்ந்த வஞ்சகன்.

ஐயத்தை ஆராயும் முறை

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. இது பிறரை நம்புதற்கு மட்டுமன்றிப் பிறரை ஐயுறுதற்கும் பொருந்தும். பொதி காலந்தாழ்ந்து வருதற்கு அஞ்சல் நிலையத்தின் நெருக்கடியும் காரணமாகலாம். விற்போனது நோயும் காரணமாகலாம். நல்ல பொருளைப் பெற்றுக்கொண்டு, பழுதென்று பொய் கூறிப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வாங்குவோரும் உலகில் உளர். ஆதலின் ஐயம் தோன்றியவுடன் ஒருவனைக் கள்வனென்று பலரறியப் பழித்தல் நேரிதன்று. ஐயத்திற்கு அடுத்த படி ஆராய்ச்சியே, பழிச்சொல் அன்று.

ஆராய்தற்குரிய அடையாளங்கள் சில உள. விற்போனுடைய மதிப்புரைகளின் எண்ணிக்கையை மட்டும் நோக்காது, அவை எப்பொருள்களுக்காக, எக்காலத்தில் எழுதப்பட்டன என்று நோக்குக. நெடுநாள் ஓய்ந்திருந்த கணக்கு, முன்னர்ச் சிறு பொத்தான்களை விற்று வந்தது, இப்போது திடீரென விலையுயர்ந்த புகைப்படக் கருவிகளைப் பத்துப் பத்தாக விற்குமாயின், கணக்கு களவு போயிற்றோ என்று ஐயுறலாம். படம் பிறர் தளத்தினின்று எடுக்கப்பட்டதா என்று தேடிப் பார்க்கலாம். பொருளின் எண்ணையோ புதியதொரு படத்தையோ கேட்டு எழுதலாம். நேர்மையானவர் விடை தருவர். விலை சந்தை விலையிற் பாதியாக இருப்பின் அதற்குக் காரணம் வினவலாம். விலையேற்றும் சூழ்ச்சிக்கோ மாற்று மருந்து ஒன்றே. ஏலம் சூடேறுமுன் தன் உச்ச விலையை உறுதிசெய்து, பின்னர் அதனைக் கடவாதிருத்தலே அது.

பணம் செல்லும் வழியும் காலவெல்லையும்

காப்பின் உயிர்நிலை இரண்டு. ஒன்று, பணம் செல்லும் வழி. மற்றொன்று, முறையிடும் காலம்.

சென்ற பணத்தைத் திருப்பிக் கொணர வழியுள்ள முறையிலேயே பணம் செலுத்துதல் வேண்டும். கடன் அட்டையாற் செலுத்தினோர்க்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 1974-ஆம் ஆண்டிலேயே சட்டப் பாதுகாப்பு ஏற்பட்டது. பிரிட்டனின் நுகர்வோர் கடன் சட்டத்து 75-ஆம் பிரிவு, 100 பவுனுக்கு மேற்பட்டு 30,000 பவுனைக் கடவாத விலையுள்ள பொருள்களுக்கு, விற்போரோடு அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்குகின்றது. இடையே வேறொரு பணநிறுவனம் நிற்குமாயின் இவ்வுரிமை அறுபடுதலும் உண்டு என்பதை மறத்தலாகாது. கம்பி வழியாகப் பணம் அனுப்பும் முறையிலோ, பெற்றவன் எடுத்துக்கொண்டபின் மீட்டல் மிக அரிது. வஞ்சகர் அதனையே விரும்பினர். வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் அத்தகைய வஞ்சகத்தைத் தடுக்கத் தவறியதற்காக 2017-ஆம் ஆண்டில் 58.6 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டது. பேபால் முறையிலும், நண்பர்க்கும் உறவினர்க்கும் அனுப்பும் வகையிற் செலுத்திய பணத்திற்கு வாங்குவோர் காப்பு இல்லை. 'கட்டணம் மிச்சமாகும், அவ்வகையில் அனுப்புக' என்று விற்போன் கூறுவானாயின், அவன் மிச்சமாக்கச் சொல்வது வாங்குவோனின் காப்பையே என்றறிக.

இனிக் காலவெல்லை. ஈபேயின் பணமீட்பு உறுதிமொழிப்படி, பொருள் வாராவிடினும், கூறியவாறு இராவிடினும், அது வந்த நாள் அல்லது வரவேண்டிய இறுதி நாளினின்று 30 நாட்களுக்குள் முறையிடல் வேண்டும். விற்போன் மூன்று வேலை நாட்களுக்குள் தீர்வு காணாவிடின், தளத்தாரையே தலையிடுமாறு கேட்கலாம். வஞ்சகன் இவ்வெல்லையை நன்கறிவான். ஆகவே அவன் சினவான், மறுக்கவும் மாட்டான். 'நாளை வரும், அடுத்த கிழமை வரும், சற்றே பொறுத்தருள்க' என்று இன்மொழி கூறிக்கொண்டே இருப்பான். வாங்குவோனின் பொறுமையே அவனுக்கு முதல். முறையீட்டுக்குரிய நாள் கடந்தவுடன் அவன் குரலும் அடங்கிவிடும்.

ஆதலின் ஐயம் பிறந்தவன் செய்யத்தக்கன இவை. விற்பனை அறிவிப்பையும் படங்களையும் அன்றே படியெடுத்து வைத்தல். விற்போனோடு தளத்தின் வழியாகவே கடிதம் நடத்துதல். பொதியைப் பிரிக்கும்போது படம் எடுத்தல். வந்தது வேறாயின் இன்சொல்லால், ஆயினும் நாள் குறித்து, தீர்வு கேட்டல். அந்நாள் கடந்தவுடன் தளத்தாரிடம் முறையிடல். அங்கே பயனில்லையேல் அட்டை கொடுத்த வங்கிக்கும், வஞ்சனை தெளிவாயின் காவல் துறைக்கும் எழுதுதல். முறையிடுதல் விற்போனைப் பழித்தலாகாது. இருபக்கமும் கேட்டு நடுவர் முடிவு கூறுதற்கே அவ்வாயில் அமைக்கப்பட்டது. நேர்மையான விற்போனுக்கும் தன் சான்றைக் காட்டும் உரிமை அங்குண்டு.

முடிவுரை

இணைய ஏலம் மக்கட்குத் தந்த நன்மை சிறிதன்று. எங்கோ ஒரு பரணிற் கிடக்கும் பழைய நூல், அதனைத் தேடியலையும் மாணவன் கையை அடைய அது வழி செய்தது. ஒருவரையொருவர் காணாத கோடிக்கணக்கானோர் நாடோறும் பொருளை மாற்றிக்கொள்கின்றனர். அவருட் பெரும்பாலோர் சொற்பிழையாதவரே. அந்நம்பிக்கை நிலைபெறுதற்கு வாங்குவோரும் கடமைப்பட்டவராவர். 'போனது சிறு தொகைதானே' என்று முறையிடாது விடுவோமாயின், அடுத்து வருவோர் காணும் பதிவேட்டில் வஞ்சகன் நல்லவனாகவே நிற்பான். பெற்ற பொருள் நன்றாயின் நன்றென்றும், தீதாயின் சான்றோடு தீதென்றும் எழுதிவைத்தல் முன்பின் அறியாத ஒருவனுக்கு நாம் செய்யும் உதவியாகும்.