பழைய மோடத்தைக் கூப்பிடும் தம்பிக்கு



புது 56கே மோடத்திலிருந்து கூப்பிட்டால் எதிர்முனையில் வாடிக்கையாளரின் களக்கருவியோடு உள்ள 2400 மோடம் எடுக்கிறது, கொஞ்ச நேரம் கத்துகிறது, பிறகு தொடர்பு அறுந்துபோகிறது என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு எதையும் மாற்றிவிடாதே. இரண்டுமே பழுதில்லாமல் இருக்கலாம்.

முதலில் ஸ்பீக்கரைத் திறந்துவைத்துக் கேள். எடுக்கும் மோடம் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட ஒலி கொடுக்கும். பழைய அமெரிக்க பெல் வகையாக இருந்தால் 2225. 1994இல் வி.34 தரம் வந்தபோது கூடவே வந்த வி.8 முறையில், அதே 2100 ஒலி விநாடிக்கு 15 தடவை ஏறி இறங்கும். அந்த அதிர்வு கேட்கவில்லையென்றால் எதிரில் இருப்பது வி.8 தெரியாத மோடம். மேலிருந்து ஒவ்வொரு வேகமாகப் பேரம் பேசி இறங்கிவர அதனிடம் நேரமில்லை. +எம்எஸ் கட்டளையில் 2400க்கான வி.22பிஸ் என்று கொடுத்து, தானாக முறை தேடுவதை நிறுத்து. எஸ்7 ரெஜிஸ்டரில் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டிவை.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பலரையும் அலைக்கழிப்பது இதுதான். இணைப்பு கிடைத்தவுடன் புது மோடம், எதிர்முனைக்கு வி.42 பிழைதிருத்தம் தெரியுமா என்று அறிய, டிசி1 என்ற எழுத்தை இரட்டைப் பாரிட்டியிலும் ஒற்றைப் பாரிட்டியிலும் மாற்றி மாற்றி அனுப்பும். தெரிந்த மோடம் பதில் சொல்லும். தெரியாததோ, யாரோ தட்டச்சு செய்ததாக எண்ணி அப்படியே தன் கணினிக்குத் தள்ளிவிடும். அந்தக் கணினியில் ஓடும் பழைய மென்பொருள் அதைப் பயனர் பெயராக எடுத்துக்கொள்ளலாம், வேகத்தைத் தப்பாகக் கணிக்கலாம். திரையில் குப்பை எழுத்து வந்தால் கம்பியைக் குறை சொல்லுமுன் பிழைதிருத்தத்தை அணைத்துப் பார். பெரும்பாலான மோடங்களில் அதற்கு \என்0 போதும். ஆனால் அணைத்தபின் கம்பியின் இரைச்சலும் எழுத்தாகவே வந்து சேரும். மேலே ஓடும் மென்பொருள் தானே செக்சம் சரிபார்க்கிறதா என்று உறுதி செய்துகொள். அது இல்லாமல் நான் இதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

வயது வித்தியாசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்துவிடாதே. 1997இல் யுஎஸ் ரோபாட்டிக்ஸின் எக்ஸ்2, ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃப்ளெக்ஸ் இரண்டுமே புத்தம் புதிய 56கே முறைகள். இருந்தும் ஒன்றோடொன்று 56கே பேசாமல், வி.34இன் 33.6க்கு இறங்கின. மறு ஆண்டு வி.90 வந்துதான் அந்தப் பிளவு தீர்ந்தது. அந்த வி.90 மோடங்கள் இரண்டைச் சாதாரணத் தொலைபேசி இணைப்புகளில் வைத்து ஒன்றையொன்று கூப்பிட்டாலும் 33.6ஐத் தாண்டாது. 56கே வேகத்துக்கு ஒரு முனை நேராக டிஜிட்டல் வலையில் இருந்தாக வேண்டும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

2400இல் அறுபடாமல் நிற்கும் இணைப்பை வேகமாக்குகிறேன் என்று கிளறாதே. களக்கருவியின் அளவீடுகளைக் கொண்டுவர அந்த வேகம் தாராளம். அமைப்பு சரியாக வந்ததும் &டபிள்யூ கொடுத்துச் சேமித்துவிடு, இல்லையென்றால் மின்சாரம் போய் வந்ததும் மோடம் அதை மறந்துவிடும். அதே கட்டளைகளைத் தாளில் எழுதி மோடத்தின் மேலேயே ஒட்டிவை; உனக்குப் பின் வருகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.