பல்லாண்டுச் செடித் தொழிலுக்குப் பயிற்சி

வெண்டை விதை வாங்கியவர் இரண்டு திங்களில் அதன் குணத்தை அறிந்துகொள்வார். விதை பொய்த்தால் அடுத்த பருவத்தில் வேறு கடைக்குச் செல்வார். காகிதப்பூ, செம்பருத்தி, வெட்சி முதலிய பல்லாண்டுச் செடிகளின் செய்தி இவ்வாறன்று. வாங்கிய செடி அந்த இடத்துக்குத் தக்கதா என்பது மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோதான் தெளிவாகும். அதற்குள் நிலமும் நீரும் உழைப்பும் செலவாகிவிடுகின்றன. ஆதலின் வளர்ப்பு, தோட்ட அமைப்பு, விற்பனை என்னும் மூன்றையும் வெவ்வேறு பாடங்களாக நடத்தி முடித்தல் போதாது. ஒரே செடியை மாணவர் மூன்று நிலைகளிலும் தொடர்ந்து காணவேண்டும்.

குளிர்நாட்டுத் தோட்ட நூல்களில் பல்லாண்டுச் செடி என்பது, பெரும்பாலும், குளிர்காலத்தில் தண்டு மடிந்து வசந்தத்தில் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும் பூண்டையே குறிக்கும். நம் சமவெளிகளிலோ இவ்வகைத் தோட்டத்துக்குப் பயன்படுவன பெரும்பாலும் என்றும் பசுமையான புதர்களும் கொடிகளுமே. அந்நூல்களின் நடவு அட்டவணைகளை அப்படியே பெயர்த்து வகுப்பில் வழங்குவதால் பயனில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட இக்கட்டுரையாளனும் அத்தவற்றைச் செய்ததுண்டு.

முதற்பாடம் தாய்ச்செடியைப் பற்றியது. காகிதப்பூவின் ‘மேரி பாமர்’ என்னும் வகை, கொல்கத்தாவில் வேறொரு வகையின் கிளையில் தானே தோன்றிய மொட்டு மாற்றமாகும். பூவெனத் தோன்றும் அதன் பூவடியிலைகள் ஒரே செடியில் வெண்மையாகவும் கருஞ்சிவப்பாகவும் அமைகின்றன. இதிலிருந்து பின்னர்த் தோன்றிய ‘திம்மா’வில் இலையும் மஞ்சள் பாய்ந்திருக்கும். இத்தகைய வகைகளை விதையால் பெருக்கினால் குணம் நிலைப்பதில்லை. தண்டுத் துண்டு, பதியன், ஒட்டு ஆகியவற்றாலேயே பெருக்கவேண்டும். அவ்வாறு பெருக்கும்போதும் எச்சரிக்கை தேவை. திம்மாவில் சிற்சில வேளை முழுப் பச்சைக் கிளை எழும். பச்சையம் மிகுந்திருப்பதால் அது விரைந்து வளர்ந்து மற்றக் கிளைகளை அமுக்கிவிடும். பருத்துச் செழித்த கிளையெனக் கண்டு அதிலிருந்து துண்டு எடுக்கும் மாணவர், பெயர்ச் சீட்டில் திம்மா என்று எழுதிப் பச்சைச் செடியையே விற்பார். ஏமாற்றும் எண்ணம் சிறிதும் இன்றியே இது நேர்கிறது. ஆகவே தாய்ச்செடிகளைத் தனிப் பாத்தியில் வைத்து, பூத்திருக்கும் காலத்திலேயே கிளைகளுக்கு அடையாளம் கட்டி வைத்தல் நன்று.

கல்வாழையில் இடர் வேறு வகையானது. இலையில் மஞ்சட் கோடும் திட்டும் காணும் நச்சுயிரி நோய் கிழங்கின் வழியே பரவும். நோயுற்ற ஒரு குத்தைப் பத்தாகப் பிரித்தால் கிடைப்பவை பத்து நோய்ச்செடிகளே. அக்குத்தை அகழ்ந்து எரித்துவிடவேண்டும். விலை குறைத்து விற்றல் ஆகாது.

விலை கணித்தலில் மாணவர் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகின்றனர். 100 துண்டுகள் நட்டு, பை, மண், எரு, கூலி யாவும் சேர்த்து 900 ரூபாய் செலவாயிற்று எனக் கொள்வோம். செடி ஒன்றுக்கு அடக்கவிலை 9 ரூபாய் என்பர். 60 துண்டுகளே வேர்விட்டு, அவற்றுள் 45 மட்டும் விற்பனைக்குத் தேறினால், அடக்கவிலை 20 ரூபாய் ஆகும். பட்டுப்போனவற்றின் செலவும் தேறியவற்றின் மேலேயே விழுகிறது.

ஆந்திரத்தில் கடியம் வட்டாரத்து நாற்றுப் பண்ணைகளிலிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் லாரிகளில் செடிகள் செல்கின்றன. நெடுந்தொலைவு வந்த செடியைச் சில நாள் நிழலில் இருத்தி, பின் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கியே விற்கவேண்டும். நெடுநாள் பையிலிருந்த செடியின் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். தொகுதிக்கு ஒரு பையைக் கிழித்துப் பார்ப்பது வீண் செலவன்று.

தோட்ட அமைப்புக்கு அளவுகோலே போதுமான கருவி. 12 மீட்டர் வேலிக்குக் காகிதப்பூ கேட்டு ஒருவர் வருகிறார். முற்றிய செடிக்கு 2 மீட்டர் அகலம் விட்டால் 6 செடிகளே வேண்டும். இன்றே வேலி நிறைந்து தோன்றவேண்டும் என்று அவர் 15 கேட்பார். விற்பவருக்கும் அது இனிக்கும். மூன்றாம் ஆண்டில் நெருக்கத்தால் அடிக்கிளைகள் வெறுமையாகும், ஓயாது வெட்டவேண்டிவரும், பூவும் குறையும். ஆறு செடிகளை விற்று, இடைவெளியில் முதலிரண்டு ஆண்டுகளுக்கு ஓராண்டுப் பூச்செடிகளைப் பரிந்துரைப்பதே தேர்ந்த விற்பனை.

பயிற்சி நிலையத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். விற்ற செடியின் பெயர், தாய்ச்செடியின் எண், நட்ட இடம், நாள், இடைவெளி ஆகியவற்றை மாணவர் அதில் எழுதிக் கையொப்பமிடுவர். அடுத்தடுத்த ஆண்டுகளில் சேரும் மாணவர் அவ்விடங்களுக்குச் சென்று உயரமும் அகலமும் அளந்து, அவ்வரிகளின் எதிரிலேயே குறித்துவைப்பர்.