விரைவு மின்னேற்றம்

நுழையும்முன்

பெட்ரோல் நிரப்புவது போன்றதன்று மின்னேற்றம் செய்வது. இவ்வேறுபாட்டை அறிந்தவர் நெடும்பயணத்தில் நேரத்தையும் மின்கலத்தையும் ஒருசேரக் காக்கலாம். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பயணம் ஒன்றின் வழியாக இதனைக் காண்போம்.

பெட்ரோல் தொட்டியின் முதல் லிட்டரும் கடைசி லிட்டரும் ஒரே வேகத்தில் நிரம்பும். மின்மகிழுந்தின் மின்கலமோ குறைந்திருக்கையில் மின்சாரத்தை விரைந்து ஏற்கும். நிறைய நிறையத் தயங்கும்.

லித்தியம் அயனி மின்கலத்தில் மின்னேற்றம் நிகழும்போது, லித்தியம் அயனிகள் ஒரு மின்வாயிலிருந்து புறப்பட்டு, மற்றொரு மின்வாயிலுள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கிடையே சென்று அமர்கின்றன. திருமண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் நுழைபவர் விரும்பிய இலையின்முன் உடனே அமர்ந்துவிடுவார். பந்தி நிறைந்தபின் வருபவரோ ஓர் இடத்தைத் தேடி வரிசை வரிசையாக அலைவார். அந்நேரத்தில் வாசலில் நின்று மேலும் ஆட்களைத் தள்ளினால் நெரிசல்தான் மிஞ்சும். மின்கலத்திலும் அவ்வாறு திணித்தால், அயனிகள் அடுக்குகளுக்குள் புகாமல் மேற்பரப்பிலேயே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும். அப்படிவு மின்கலத்தின் கொள்ளளவைக் குறைக்கும். மிகுந்தால் உட்புறக் குறுக்குச்சுற்றுக்கும் வழிவகுக்கும். ஆகவே, வண்டியிலுள்ள மின்கல மேலாண்மை அமைப்பு மின்னேற்ற வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் 80 விழுக்காட்டிற்குமேல் இக்குறைவு நன்கு புலப்படும். நிலையத்தின் பலகையில் காணும் '50 கிலோவாட்' என்பது அந்நிலையம் தரக்கூடிய உச்ச அளவே. எவ்வளவு ஏற்பது என்பதை வண்டியே முடிவு செய்கிறது.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. குளிர்ந்த மின்கலத்தில் அயனிகள் மந்தமாக நகரும். மிகச் சூடான மின்கலத்திற்கு மேலாண்மை அமைப்பே வேகத்தைக் குறைத்துவிடும். நம் சித்திரை வெயிலில் பின்னதே பெரிய தடை.

இனிக் கணக்கிற்கு வருவோம். மின்கலத்தின் கொள்ளளவு 40 யூனிட். ஒரு யூனிட்டிற்கு வண்டி 6 கிலோமீட்டர் ஓடும் எனக் கொள்வோம். பயணத் தொலைவு ஏறத்தாழ 330 கிலோமீட்டர். வீட்டில் இரவு முழுவதும் மின்னேற்றி, நிறைவுடன் புறப்படுகிறோம். 200 கிலோமீட்டர் கடந்து உளுந்தூர்பேட்டைப் பகுதியை அடையும்போது 7 யூனிட் மீந்திருக்கும். எஞ்சிய 130 கிலோமீட்டருக்கு 22 யூனிட், கையிருப்பாக 4 யூனிட், ஆக 26 யூனிட் வேண்டும். எனவே, அங்கே ஏற்ற வேண்டியது 19 யூனிட்டே. மின்கலம் 65 விழுக்காட்டை எட்டினால் போதும். 50 கிலோவாட் நிலையத்தில் ஏறத்தாழ அரை மணி நேர வேலை. முழுவதும் நிரப்பியே தீர்வேன் என்று அமர்பவர், கடைசி 8 யூனிட்டிற்காக மட்டுமே அதனினும் அதிக நேரம் காத்திருக்க நேரலாம்.

நானும் ஒருமுறை அவ்வாறு அமர்ந்திருந்தேன். திரை 92 எனக் காட்டியபோது, பின்னால் நின்ற வண்டியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கிவந்து, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?" என்று கேட்டார். அவர் வண்டியில் 5 விழுக்காடே மிச்சம். அதையும் இழக்க அஞ்சிக் குளிர்சாதனத்தை அணைத்திருந்தார்கள். பின்னிருக்கையில் ஒரு கைக்குழந்தை வியர்த்து அழுதுகொண்டிருந்தது. நான் சேர வேண்டிய ஊருக்கு 70 விழுக்காடே போதுமானதாக இருந்தது. உடனே இணைப்பைக் கழற்றினேன்.

சில நிலையங்களில் ஒரே கருவியில் இரண்டு வண்டிகளை இணைத்தால் மின்திறன் பங்கிடப்படும். இயன்றால் ஆளில்லாத கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். ஊர் சேர்ந்தபின் விரைவு தேவையில்லை. இரவில் மாறுதிசை மின்னோட்டத்தில் மெதுவாக ஏற்றுவதே மின்கலத்திற்கு இதமானது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மின்கலங்களை அவ்வப்போது முழுமையாக ஏற்றுமாறு உற்பத்தியாளர்கள் கூறுவதுண்டு. அதற்கும் வீட்டு இணைப்பே ஏற்றது.

கற்பவை கற்றபின்...

மேற்கண்ட வண்டியில் 460 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். கையிருப்பு 4 யூனிட்டிற்குக் குறையாமல் இருக்க, வழியில் எத்தனை முறை, எவ்வளவு மின்னேற்ற வேண்டும் எனக் கணக்கிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.